துப்பறி நாடகமும் முகச்சந்தியும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரு பழமொழி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது மற்றொன்று. முழுமையைக் காணுமுன்னரே பகுதியைக் கொண்டு தீர்ப்புக் கூறலாம் என்னும் துணிவை இரண்டும் தருகின்றன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பானையிலுள்ள பருக்கைகள் யாவும் ஒரே நீரில், ஒரே தீயில், ஒரே நேரம் கிடந்தவை. ஆதலின் ஒன்றன் பதம் ஏனையவற்றின் பதத்தைக் காட்டும். முளையைப் பார்ப்பவரோ இன்னும் தோன்றாத கதிரைப் பற்றிப் பேசுகின்றார். அவர் கூறுவது சோதனையின் முடிபு அன்று, எதிர்பார்ப்பு.

தொலைக்காட்சியிலோ இணையவழித் திரையிலோ புதிய குற்றவியல் நாடகமொன்று வெளிவந்த மறுநாளே, அதன் முதற் பகுதியை மட்டும் கண்டு 'நன்று' என்றும் 'பார்க்கத் தகாதது' என்றும் தீர்ப்பு வழங்குவோர், தம்மையறியாமலே இவ்விரு பழமொழிகளுள் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். மாணவர் விடுதியிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இத்தகைய தீர்ப்புகள் நாடோறும் வழங்கப்படுகின்றன. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டாலும் பார்த்து முடிக்கவியலாத அளவு நாடகங்கள் பெருகிவிட்ட காலத்தில், முதற் பகுதியைக் கொண்டு தெரிவு செய்தல் குற்றமாகாது; வேறு வழியும் இல்லை. ஆயின் முதற் பகுதியில் எதனை நோக்கித் தெரிவு செய்வது? அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை வரையறுத்தல் வேண்டும். இந்தியத் தூர்தர்சன் 1985 ஆம் ஆண்டில் ஒளிபரப்பிய 'கரம்சந்த்' தொடரில் பங்கஜ் கபூர் துப்பறிவாளராக நடித்தார். 1993 இல் பாசு சட்டர்ஜி இயக்கிய 'வியோம்கேஷ் பக்ஷி', வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்தியாயரின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. இவ்வகைத் தொடர்களிற் பெரும்பாலும் வழக்குத் தோன்றிய வாரத்திலேயே விடையும் தோன்றிவிடும். துப்பறிபவர் மாறார், அவர்தம் முறையும் மாறாது. ஒரு பகுதியைக் கண்டவர் நூறு பகுதிகளின் இயல்பையும் அறிந்தவராவர். இங்கே சோற்றுப் பழமொழி முற்றிலும் பொருந்தும்.

இதற்கு மாறாக, ஒரே குற்றத்தின் உண்மையைப் பல பகுதிகளாகத் தேடிச் செல்லும் தொடர்கள் உள. 1990களின் பிற்பாதியிற் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வெளிவந்த 'மர்மதேசம்' இவ்வகையினது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கிய அத்தொடரில், ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையில் ஏழு நாட்கள் காத்திருத்தல் வேண்டும். எட்டுப் பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டுவிடும் இக்கால இணையவழித் தொடர்கள் காத்திருப்பை நீக்கினவேயன்றி அமைப்பை மாற்றவில்லை. இவற்றின் முதற் பகுதி பருக்கை அன்று, முளையே ஆகும். புதிய துப்பறி நாடகங்களைப் பற்றி எழும் பிணக்குகளிற் பெரும்பகுதி, முளையைப் பிடித்து நசுக்கிப் பார்த்து 'வேகவில்லை' என்று கூறுவதாலேயே எழுகின்றது.

பயிரை நாடகத்துக்கு உவமையாக்குதல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், நாடகத்தின் சந்திகள் ஐந்தனையும் உழவுத் தொழில்கொண்டே விளக்குகின்றார். பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைகொள்வது முகம். அது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொண்டு பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, அடித்து, தூற்றி, வீடு கொணர்ந்து உண்பது துய்த்தல். இவ்வைந்தையும் எடுத்துக்கொண்டு செகப்பிரியரின் நாடகங்களை ஆராய்ந்தவர் விபுலாநந்த அடிகளார். 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' அவ்வாராய்ச்சியின் பயனாகும். அடிகளார் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் துயில்கொள்கின்றார். மேனாட்டு நாடகத்தைத் தமிழளவையால் அளக்கலாம் என்று அவர் காட்டிய துணிவை, இன்றைய திரைத் தொடருக்கும் நீட்டிப் பார்த்தல் தகாததாகாது.

படுவான்கரையில் முளைத்த வயலின் வரம்பில் நின்று பார்க்கும் போடியார், ஏக்கருக்கு எத்தனை மூடை வரும் என்று சொல்லமாட்டார். மழையும் வெள்ளமும் பூச்சியும் அவர் கையில் இல்லை. ஆனால், நிலம் சரியாக உழப்பட்டதா, விதைநெல் நல்லதா, விதைப்புச் செறிவா ஐதா என்பவற்றை அவர் அப்போதே கூறிவிடுவார். முதற் பகுதியைக் கொண்டு கூறத்தக்க தீர்ப்பும் இவ்வளவினதே. விளைச்சலைப் பற்றிய தீர்ப்பு அன்று அது. விதைப்பைப் பற்றிய தீர்ப்பு.

எனினும் துப்பறி நாடகத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஏனைய நாடகங்களிற் பகை முளைத்து, வளர்ந்து, முற்றி, இறுதியிற் கொலையாகின்றது. துப்பறி நாடகத்திலோ முதற் காட்சியிலேயே பிணம் கிடக்கின்றது. அதாவது, வேறொரு கதையின் அறுவடை முடிந்துவிட்டது. அதன் களத்தில் நின்றே புதிய விதைப்புத் தொடங்குகின்றது. பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் தொடரோவ், துப்பறி கதையில் குற்றத்தின் கதை, தேடலின் கதை என இரு கதைகள் உள என்று 1966 இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். முதலாவது கதை முடிந்த இடத்தில் இரண்டாவது தொடங்குகின்றது. ஆகவே முதற் பகுதி ஒன்றனுக்குத் துய்த்தலும் மற்றொன்றனுக்கு முகமும் ஆகின்றது. இவ்விரட்டைச் சுமையைத் தாங்கமாட்டாமையாலேயே பல தொடர்களின் முதற் பகுதி தள்ளாடுகின்றது. பிணத்தைக் காட்டும் பரபரப்பிலேயே ஒரு மணி நேரத்தையும் செலவிட்டுவிட்டு, விதைக்க மறந்துபோகின்றன.

விதையை மறைத்து இடலாமா என்பதும் ஆராயத்தக்கது. ஆங்கிலத் துப்பறி கதை செழித்திருந்த காலத்தில், கத்தோலிக்கக் குருவும் எழுத்தாளருமான றொனால்ட் நொக்ஸ் 1929 இல் இக்கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. இறுதியில் எங்கிருந்தோ ஒருவனைக் கொணர்ந்து 'இவனே' என்று காட்டுதல் ஏமாற்றாகும். இவ்விதியை முதற் பகுதிக்கு உரைகல்லாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு: யார் குற்றவாளி என்பது அப்பொழுது தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். முதற் பகுதியில் வந்துபோகும் மாந்தர், கதையை நகர்த்தும் காய்களாக மட்டும் வந்துபோகின்றனரா, அன்றித் தத்தமக்குரிய ஆசையும் அச்சமும் உடையோராக வருகின்றனரா என்பதை எவரும் காணலாம். காய்களாக வருவோருள் எவனைக் குற்றவாளியாகக் காட்டினும் பார்வையாளர் நெஞ்சு அசையாது.

'யார் செய்தது' என்னும் வினாவையே துப்பறி நாடகத்தின் உயிர் எனக் கொள்வோர் பலர். அவர்கள் அமெரிக்கத் தொடராகிய 'கொலம்போ'வை நினைத்தல் நன்று. 1968 இல் தனித் தொலைக்காட்சிப் படமாகத் தோன்றி, 1971 இல் தொடராக வளர்ந்த அந்நாடகத்திற் கொலைசெய்பவன் யாவன் என்பது தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடும். அகப்படுவது எவ்வாறு என்பதே அங்குள்ள சுவை.

தமிழர் இதற்கு அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரமே ஒரு களவு வழக்கு, பொய்க் குற்றச்சாட்டு, விசாரணையற்ற கொலைத்தண்டனை. ஆயினும் அந்நூலின் பதிகம் கோவலனின் முடிவைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றது. மட்டக்களப்பிற் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை'யும் அத்தகையதே. வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968 இல் அச்சேற்றிய அந்நூலின் கதையில், பாண்டியன் மாளிகையில் மாங்கனியிலிருந்து தோன்றிய குழந்தை, நாட்டுக்குக் கேடு விளைக்கும் என்று அஞ்சிப் பேழையில் இட்டுக் கடலில் விடப்படுகின்றது. அது காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை அடைகின்றது. மதுரை எரியப்போவதற்கான வித்து, தொடக்கத்திலேயே பாண்டியன் கையாலேயே இடப்பட்டாயிற்று. தட்டானே களவு செய்தவன் என்பதைக் கோயில் வீதியில் அமர்ந்து கேட்கும் சிறு பிள்ளையும் அறியும். இருந்தும் ஆண்டுதோறும் மக்கள் கேட்கின்றனர். வழக்குரைக்கும் கட்டம் வரும்போது கண் கலங்குகின்றனர். விடை தெரிந்த வழக்கை இத்துணை ஆர்வத்தோடு கேட்கும் மக்கள், மறைபொருள் ஒன்றனுக்காகவே நாடகம் பார்க்கின்றனர் என்று எண்ணுவது பிழை.

கூத்துக் களரியிலும் இதனைக் காணலாம். விடியும்வரை ஆடப்படும் வடமோடிக் கூத்தின் கதையைப் பார்வையாளர் முன்பே அறிவர். அவர்கள் கூர்ந்து நோக்குவது வரவை. அரசன் வரவிலேயே, தாளக்கட்டுக்கு அடி வைக்கும் முறையிலேயே, இவன் இரவு முழுவதும் அரசனாக நிற்பானா என்பதை முதியோர் தீர்மானித்துவிடுவர். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் பயிலும் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. முதற் பகுதியை வரவாகக் கொண்டு பார்க்கும் கண் நம்மவர்க்கு ஏற்கனவே உண்டு என்பதை நினைவூட்டுதலே ஈண்டு கருத்து.

இவ்வளவையைக் கொண்டு, தமிழில் வெளிவந்த தொடரொன்றை நோக்கலாம். புஷ்கர், காயத்திரி இருவரும் எழுதி உருவாக்கிய 'சுழல்' 2022 ஆம் ஆண்டு யூன் 17 ஆந் திகதி அமேசன் பிறைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக, முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒரே நாளில் வெளியிடப்பட்டது. முற்பாதியைப் பிரம்மாவும் பிற்பாதியை அனுசரணும் இயக்கினர். மலைநாட்டில் அமைந்த சாம்பலூர் என்னும் கற்பனை ஊரே களம். அங்குள்ள சீமெந்து ஆலையில் தொழிலாளர் போராட்டம் நிகழ்கின்றது. பார்த்திபன் நடிக்கும் சண்முகம் அதன் தலைவர். ஆலை தீப்பற்றி எரிகின்ற இரவிலேயே சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகின்றாள். ஊரிலோ மயானக்கொள்ளைத் திருவிழா தொடங்குகின்றது.

இம்முதற் பகுதியின் சிறப்பு யாது? தீ பெரிது, காட்சியும் பெரிது. ஆனால் அதுவன்று சிறப்பு. ஒரே இரவில் ஒரே மனிதன் இரு நிலைகளில் நிறுத்தப்படுகின்றான். தீ வைத்தவன் என்று ஐயுறப்படுபவனும் அவனே. மகளைத் தேடித் தருமாறு அதே காவற்றுறையிடம் கேட்க வேண்டியவனும் அவனே. அவனை விசாரிக்கும் அதிகாரியாகிய றெஜினா, சிறியா ரெட்டியின் நடிப்பில், அதிகாரமும் தாய்மையும் ஒருங்குடையவளாக வருகின்றாள். அவளின்கீழ்ப் பணியாற்றும் சக்கரை, அதாவது கதிர் நடிக்கும் சக்கரவர்த்தி, ஊரான், எல்லோருக்கும் வேண்டியவன். இவர்கள் யாவரும் ஒருவரையொருவர் முன்பே அறிவர். நிலம் உழப்பட்டிருக்கின்றது என்பது இதனையே. அயலூரிலிருந்து துப்பறிவாளர் வந்து இறங்கி ஊரைப் பார்வையாளருக்கு அறிமுகம் செய்யும் எளிய உத்தி இங்குக் கைக்கொள்ளப்படவில்லை.

குறையும் உண்டு. அங்காளம்மன் கோயில்களோடு தொடர்புடைய மயானக்கொள்ளை, தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிற் பெருவழக்காக உள்ள விழா. மேல்மலையனூர் அதற்குப் பேர்போன தலம். அதனை ஒரு மலையூருக்குப் பெயர்த்துவந்து, வேடமும் வண்ணமுமாகக் காட்டும்போது, முதற் பகுதியளவில் அது கதையோடு ஒட்டாத அலங்காரமாகவே தோன்றுகின்றது. பின்னர் ஒட்டுகின்றது என்று கூறுவோர் உளர். பின்னர் நிகழ்வது முதற் பகுதியின் கணக்கில் வரவு வைக்கத்தக்கதன்று. முடிவு யாது என்பதை இங்கு உரைப்பது பார்க்கவிருப்போர்க்குச் செய்யும் தீங்காகும். எட்டையும் கண்டு முடித்தவர் மீண்டும் முதற் பகுதிக்குத் திரும்புவாராயின், ஆலைத்தீயின் ஒளியிற் கண் கூசிக் கவனியாது விட்ட சிறு செய்திகள் பல தென்படும் என்பதை மட்டும் கூறலாம். விதை வெளிப்படையாகவே இடப்பட்டிருந்தது. பார்வையே வேறெங்கோ இருந்தது. நொக்ஸ் மகிழ்ந்திருப்பார்.

அதே ஆண்டு டிசெம்பர் 2 ஆந் திகதி, அதே தளத்தில், அன்ட்ரூ லூயிஸ் இயக்கிய 'வதந்தி' வெளிவந்தது. எஸ். ஜே. சூர்யா காவற்றுறை அதிகாரியாக நடித்த அத்தொடரின் தொடக்கத்திற் படப்பிடிப்புக்குரிய இடமொன்றில் இளம்பெண்ணின் சடலம் காணப்படுகின்றது. இறந்தவள் பெயர்பெற்ற நடிகை என்று முதலில் எண்ணப்படுகின்றது, பரபரப்பு எழுகின்றது. நடிகை உயிரோடிருக்கின்றாள் என்று தெரிந்தபின் எஞ்சுவது வெலோனி என்னும், எவரும் அறியாத பெண்ணொருத்தியின் உடல். அதன்பின் அவளைப் பற்றிப் பிறர் கூறும் கதைகளே தொடராகின்றன. பிணங்களுக்குள்ளும் உலகம் ஏற்றத்தாழ்வு கற்பிக்கின்றது என்பதைத் தொடக்கமே உணர்த்திவிடுகின்றது. அமைப்பிற் 'சுழல்' செறிவுடையதாயினும், முதற் பகுதி எழுப்பும் வினாவின் கூர்மையில் 'வதந்தி' அதற்குக் குறைந்ததன்று. ஒரு படி மேல் என்று கூறினும் தகும்.

முளை நன்றாயிருந்தும் விளைவு சிதைந்த வரலாறும் உண்டு. டேவிட் லிஞ்ச், மார்க் புரொஸ்ட் இருவரும் படைத்த 'துவின் பீக்ஸ்' தொடரின் முதற் பகுதி 1990 ஏப்பிரல் 8 ஆந் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. லோரா பாமர் என்னும் பள்ளி மாணவியின் சடலம் நீர்க்கரையிற் கிடக்கின்றது. அடுத்துத் துப்பறிவாளர் வருதல் வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அவர் வருமுன் நெடுநேரம் துயரமே நிகழ்கின்றது. தொலைபேசியின் ஒரு முனையில் தந்தை, மறுமுனையில் தாய், சொல்லப்படாத செய்தியை மௌனத்திலிருந்தே தாய் உணர்ந்துகொள்கின்றாள். வகுப்பறையில் ஒரு நாற்காலி வெறுமையாயிருக்கின்றது. அதைப் பார்த்தே தோழி அறிந்துகொள்கின்றாள். பார்வையாளர், கொன்றவன் யார் என்று வினவுமுன், இழக்கப்பட்டவள் யார் என்று வினவும் நிலைக்கு ஆட்படுகின்றனர். அத்தொடர் பின்னர் தடுமாறியது. நவம்பர் 10 ஆந் திகதி விடை வெளியிடப்பட்டது. அதன்பின் கதைக்கு அச்சாணி இல்லாது போயிற்று. 1991 இல் நின்றும்விட்டது. ஆயினும் அம்முதற் பகுதியின் பெருமை குன்றவில்லை. 2007 இல் டென்மார்க்கில் தொடங்கிய, இருபது நாட்களை இருபது பகுதிகளாகக் காட்டிய குற்றவியல் தொடரும், கொலையுண்ட மாணவியின் பெற்றோரைக் கதையின் நடுவில் நிறுத்தியது. நல்ல விதைப்பு ஒரு வயலிற் பொய்த்தாலும் வேறு வயல்களுக்கு விதைநெல்லாகின்றது.

இழக்கப்பட்டவரை மனிதராகக் காட்டுதல் என்னும் இவ்வளவை, மட்டக்களப்புப் பார்வையாளர்க்கு வெறும் கலைநயம் பற்றியதன்று. 'காணாமற்போனவர்' என்னும் சொல் இப்பிரதேசத்திற் கதையிலிருந்து கற்ற சொல் அன்று. 1990 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச்செல்லப்பட்டனர், அவர்கள் மீண்டிலர். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் கல்லடியையும் நாவலடியையும் புகுந்தெடுத்தபோது, உடல்தானும் கிடைக்காதோர் பலர். இத்தகைய இழப்பைச் சுமந்த வீட்டின் கூடத்தில், குடும்பத்தார் சூழ அமர்ந்திருக்க, திரையில் ஒரு பெண் காணாமற்போகின்றாள். பிற ஊரார்க்கு அது முடிச்சு. விரைவில் அவிழும் என்னும் இன்பத்தோடு பார்க்கப்படுவது. இவ்வூர்த் தாயொருத்திக்கு அது எட்டுப் பகுதிகளில் விடை கிடைக்கும் பேறு. அவ்விடை கொடிதாயினும் பேறே.

இக்காரணத்தால் இத்தகைய நாடகங்களையே இங்குள்ளோர் பார்த்தலாகாது என்று வாதிடுதல் பொருந்தாது. விடை கிடைக்கும் உலகமொன்றைக் கற்பனையிலேனும் காணும் உரிமை எல்லார்க்கும் உண்டு. இளையோர் கைத்தொலைபேசியில் அதனைக் காண்பதைத் தடுப்பதும் இயலாது. ஆனால், முதற் பகுதியில் நோக்க வேண்டியது எது என்பது இதனாற் தெளிவாகின்றது. விரைவும் வேகமும் ஒலியும் இரண்டாம் நிலையின. முதற் பகுதி மெதுவாகச் செல்கின்றது என்பது பெருங்குறையன்று. ஒரு வீட்டை, ஒரு தெருவை, ஒரு பெண்ணின் நடையுடையைக் காட்டக் காலம் வேண்டும். முதற் பகுதி முடிந்தபின், காணாமற்போனவரைப் பற்றிப் பார்வையாளர் ஏதேனும் மூன்று செய்திகளைக் கூறவியலுமா என்று மாணவர் தம்முட் கேட்டுப் பார்க்கலாம். அவர் என்ன பாடினார், யாரோடு பிணங்கினார், எதற்கு அஞ்சினார் என்பன போன்றவை. சடலத்தின் கோலத்தைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வாராதாயின், வித்து இடப்படவில்லை. எஞ்சிய ஏழு பகுதிகளிலும் எத்துணைத் திருப்பங்கள் நிகழினும் அவை வெற்று நிலத்திற் பாய்ச்சிய நீராகும்.

துய்த்தல் என்னும் ஐந்தாம் சந்திக்குத் துப்பறி நாடகங்கள் பெரும்பாலும் இடமளிப்பதில்லை. கைவிலங்கு பூட்டியதும் திரை இருண்டுவிடுகின்றது. வைகாசிச் சடங்கோ வழக்குரைத்த இடத்தில் நிற்பதில்லை; குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, மன்னன் மாண்டு, நகர் எரிந்தபின்பும் குளிர்த்தி எஞ்சியிருக்கின்றது. குளிர்த்தி நாளிலேயே கோயில் முன்றிலில் நிற்க இடமின்றிச் சனம் நிறைகின்றது.